43 கிலோ லாப்ரடார்: நடையைக் கூட்டுவதா, சாப்பாட்டைக் குறைப்பதா?

சாட்ஸ்வர்த்_மகன் | ஜனவரி 9

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சிம்பாவுக்கு ஆறு வயது. லாப்ரடார், ஆண், குட்டியிலேயே கருத்தடை செய்தாயிற்று. போன வாரம் தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போனபோது தராசு 43 கிலோ காட்டியது. டாக்டர் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு அட்டையில் "ஒன்பதுக்கு எட்டு" என்று எழுதினார். 32 கிலோவுக்கு இறக்க வேண்டும், இப்போதே முன்னங்காலில் லேசாக நொண்டல் தெரிகிறது என்றார்.

சாப்பாடு காலையில் ஒரு மக் பெல்லட் (கடையில் விற்கும் உலர் நாய் உணவு), மாலையில் ஒரு மக். அவ்வளவுதான். வேலை முடிந்து வந்ததும் தினமும் அரை மணி நேரம் நடக்க வைக்கிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜனவரி கோடை, டர்பனின் இந்தப் புழுக்கத்தில் பாதி வழியிலேயே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நடையை ஒரு மணி நேரமாக்கினால் எடை இறங்குமா? காலையிலும் ஒரு நடை சேர்க்கட்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பீனிக்ஸ்_தாத்தா | ஜனவரி 9

லாப்ரடார் என்றால் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருக்கும் தம்பி. நாங்கள் வளர்த்த நாய்களுக்கு மீலி மீல் (சோளமாவு) கஞ்சியும் மீந்த கறியும்தான். யாரும் எடை பார்த்ததில்லை. இந்தக் காலத்து டாக்டர்களுக்கு எதைத் தொட்டாலும் நோய். அதோடு நம் ஊர் நிலவரத்துக்கு கேட்டுக்குப் பின்னால் பெரிய உருவம் ஒன்று நின்றால் நல்லதுதானே?

லெனேசியா_வாசி | ஜனவரி 9

தாத்தா, 43 கிலோ நாய் மூச்சு வாங்கி எழுந்து கேட்டுக்கு வருவதற்குள் வந்தவன் டிவியைக் கழற்றி வண்டியில் ஏற்றியிருப்பான்.

அப்புறம், சிப்ஸ் பாக்கெட்டின் பெயரை நாய்க்கு வைத்தால் எப்படி இளைக்கும் அண்ணா?

ஊசிக்காரி | ஜனவரி 10

நான் ஒரு கிளினிக்கில் வெட் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்வி வாரம் தவறாமல் எங்கள் மேசைக்கு வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த "ஒன்பதுக்கு எட்டு". 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் அளவு கடந்த பருமன். 4, 5 சரியான உடம்பு. 5க்கு மேல் ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் 10 முதல் 15 சதவீதம் எடை கூடுதல் என்று கணக்கு. வீட்டிலேயே பார்க்கலாம்: விலாவின் மேல் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். உங்கள் புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுவது போல விலாவும் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு மூடியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும்.

பீனிக்ஸ் ஐயாவுக்கு ஒரு செய்தி. 2002இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, சாகும்வரை கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். கூடுதலாகச் சாப்பிட்ட நாய்களும் ரொம்பக் குண்டானவை அல்ல, "பூசினாற்போல" இருந்தவைதான்.

இனி நடை. சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் நாய் தன் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி அளவில் செலவழிக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சிம்பா அரை மணி நேரத்தில் 2 கிலோமீட்டர் போனால் 85 கலோரி. டீயில் தோய்த்துத் தின்னும் ரஸ்க் ஒன்றில் அதைவிட அதிகம் இருக்கிறது. நடை தசைக்கும் மூட்டுக்கும் மனசுக்கும் வேண்டும், நிறுத்த வேண்டாம். ஆனால் எடை இறங்கப்போவது ரோட்டில் அல்ல, சமையலறையில்.

"இரண்டு மக், அவ்வளவுதான்" என்கிறீர்கள். நம்புகிறேன், ஆனால் அது நீங்கள் போடுவது மட்டும். இரண்டு வேலை செய்யுங்கள். மக்கை சமையல் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, ஒரு வாரத்துக்கு வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். திட்டாமல் எழுதச் சொல்லுங்கள், திட்டினால் எழுத மாட்டார்கள்.

சாட்ஸ்வர்த்_மகன் | ஜனவரி 18

தாள் நிரம்பிவிட்டது அக்கா. மக் 165 கிராம் கொள்கிறது, அதாவது ஒரு நாளைக்கு 330 கிராம். பையில் 100 கிராமுக்கு 360 கலோரி என்று போட்டிருக்கிறது.

அப்புறம் தாளில் இருப்பவை. காலையில் அம்மா சுடும் ரொட்டியில் நெய் தடவிய முதல் ரொட்டி சிம்பாவுக்கு. அப்பாவின் நாலு மணி டீயோடு இரண்டு ரஸ்க். மகள் சீஸ் சாண்ட்விச்சின் ஓரம். நடை முடிந்ததும் நான் கொடுக்கும் ஒரு பிடி பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி). தோட்ட வேலைக்கு வருபவர் தன் மதியச் சாப்பாட்டில் ஒரு துண்டு ரொட்டியும் பொலோனி இறைச்சியும், வாரம் இரண்டு நாள். ஞாயிறு பிராயில் (தீயில் கறி சுடும் விருந்து) சாப் கொழுப்பும் ஒரு துண்டு பூர்வோர்ஸ் சாசேஜும். இதில் யாருக்கும் மற்றவர் கொடுப்பது தெரியாது. ஒவ்வொருவரும் "நான் ஒரு துண்டுதானே கொடுத்தேன்" என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

மரிட்ஸ்பர்க்_அக்கா | ஜனவரி 18

எல்லா வீட்டிலும் இதே தாள்தான் தம்பி, கையெழுத்து மட்டும்தான் வேறு.

பூர்வோர்ஸ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் 30 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதை நாய்க்குப் போட்டால் எடை மட்டும் அல்ல, கணையமே வீங்கிவிடும். என் மூத்த நாய் ஒரு பிராய் முடிந்த மறுநாள் முதுகை வளைத்துக்கொண்டு வாந்தி எடுத்து, டிரிப் ஏற்றும் நிலைக்குப் போனது. எங்கள் வீட்டில் இப்போது பிராய் நாளில் நாய்கள் மூன்றும் பின்கட்டில். விருந்தாளிகள்தான் பெரிய ஆபத்து. வேண்டாம் என்றால் "பாவம், பார்க்குது" என்பார்கள்.

ஊசிக்காரி | ஜனவரி 19

அருமையான தாள். கூட்டிப் பார்ப்போம். பெல்லட் ஏறக்குறைய 1,190 கலோரி. நெய் ரொட்டி 150. ரஸ்க் இரண்டும் 260. சீஸ் ஓரம் 60. பில்டாங் 65. பிராயும் பொலோனியும் இல்லாத நாளிலேயே 1,700ஐத் தாண்டுகிறது.

எவ்வளவு போதும்? சேர வேண்டிய எடையை வைத்துக் கணக்கிட வேண்டும், இப்போதைய எடையை வைத்து அல்ல. 32ஐ 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் 940 கலோரி வருகிறது. எடை குறைப்பைத் தொடங்க அது நல்ல அளவு. கருத்தடை செய்த நாய்க்குத் தேவை முன்பைவிட கால் பங்கு வரை குறைந்துவிடுகிறது, பையின் பின்பக்க அட்டவணை அதையெல்லாம் பார்ப்பதில்லை. அட்டவணை எப்போதும் தாராளம்தான், விற்பவர் போட்டதல்லவா!

ஒரு எச்சரிக்கை. இப்போது போடும் அதே பெல்லட்டைப் பாதியாக்கிவிடாதீர்கள். கலோரியோடு சேர்ந்து புரதமும் தாதுக்களும் பாதியாகி, கொழுப்புக்குப் பதில் தசை கரையும். எடை குறைப்புக்கென்றே செய்த பெல்லட்டில் கலோரி குறைவு, நாரும் புரதமும் அதிகம். விலை கையைக் கடிக்கும், மறைக்கவில்லை. 100 கிராமுக்கு 300 கலோரி என்றால் நாளைக்கு 280 கிராம், அதை மூன்று வேளையாகப் பிரியுங்கள். மீதி 100 கலோரிதான் "மற்றவை" எல்லாவற்றுக்கும். பழைய பெல்லட்டிலிருந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு கெடும்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்கினால் நல்லது. 430 கிராமிலிருந்து 860 கிராம் வரை. 32ஐத் தொட ஏழெட்டு மாதம் ஆகும். தொடங்கும் முன் டாக்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, நொண்டலுக்கு எக்ஸ்ரே தேவையா என்றும் கேளுங்கள். வலி இருக்கும் நாயை நடக்கவைப்பது கொடுமை.

சாண்ட்டன்_ஐடி | ஜனவரி 19

ஒரு சந்தேகம், இதை டாக்டரிடமும் கேட்கலாம். லாப்ரடாருக்கு மரபணுவிலேயே பசி அதிகம் என்று படித்தேன். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சின்னப் பகுதி விடுபட்டுப்போவதால் "போதும்" என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு அது இருக்கிறதாம். என்னுடைய நாய் தன் சாப்பாட்டை முடித்துவிட்டு, காலி கிண்ணத்தைக் கொண்டுவந்து என் காலில் போடும். அப்படிப்பட்ட நாயைப் பட்டினி போடுவது நியாயமா?

இன்னொன்று. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை ஏறும். என் நண்பர் வீட்டு நாய் கொஞ்சமாகச் சாப்பிட்டே பெருத்துக்கொண்டு போனது. வால் முடி உதிர்ந்து, எப்போதும் வெயில் தேடிப் படுக்கும். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மாத்திரை தொடங்கினார்கள், ஆள் மாறிவிட்டது.

ஊசிக்காரி | ஜனவரி 19

தைராய்டு பரிசோதனை கேட்பதில் தவறே இல்லை. ஆனால் 1,700 கலோரி சாப்பிடும் நாயின் எடைக்குத் தைராய்டைத் தேட வேண்டியதில்லை. முடி உதிர்வு, சோம்பல், குளிர் தாங்காமை இவற்றில் ஏதாவது இருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள்.

மரபணு விஷயம் சரிதான். அதனால்தான் கிண்ணத்தைக் காலி செய்யும் வேகத்தை வைத்துப் பசியை அளக்கக் கூடாது என்கிறேன். அந்த நாய்களுக்கு அளவு குறைவதைவிட நேரம் நீள்வது பலன் தரும். பெல்லட்டைப் புல்தரையில் வீசி மோப்பம் பிடித்துப் பொறுக்க விடுங்கள். 280 கிராமைக் கிண்ணத்தில் கொடுத்தால் ஒரு நிமிடம், புல்லில் என்றால் கால் மணி நேரத்துக்கு மேல்.

வேலியோர_விவசாயி | ஜனவரி 21

ஏன் இந்தப் பெல்லட் வியாபாரத்துக்கே காசைக் கொட்டுகிறீர்கள்? பச்சைக் கோழிக் கழுத்து வாங்கிப் போடுங்கள். நாய் ஓநாயின் பிள்ளை. என் இரண்டு நாய்களும் கல்லாக இருக்கின்றன.

மரிட்ஸ்பர்க்_அக்கா | ஜனவரி 21

உங்கள் நாய்கள் கரும்புத் தோட்டத்தில் நாள் முழுக்க முயல் துரத்துகின்றன அண்ணா, படம் போட்டிருந்தீர்களே! சாட்ஸ்வர்த்தில் சிம்பா எதைத் துரத்துவான், டாக்ஸியையா? கோழிக் கழுத்தில் தோலும் கொழுப்பும் நிறைய. கழுத்து மட்டும் போட்டால் சத்தும் சரிவராது. வீட்டுச் சமையல்தான் வேண்டும் என்றால் கால்நடை ஊட்டச்சத்து தெரிந்தவரிடம் எழுதி வாங்கிச் செய்யலாம். குத்துமதிப்பாக வேண்டாம்.

வேலியோர_விவசாயி | ஜனவரி 21

முயல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். கழுத்து விஷயம் ஒப்புக்கொள்ளவில்லை.

சாட்ஸ்வர்த்_மகன் | ஜனவரி 23

கணக்கு புரிந்தது. இப்போது வீட்டுப் பிரச்சினை. ரஸ்க்கை அப்பா உடனே விட்டுவிட்டார். அம்மாவிடம் ரொட்டியை நிறுத்தச் சொன்னேன். "வாயில்லா ஜீவன் வாசலில் நிற்கும்போது எனக்குச் சோறு இறங்குமா?" என்று கேட்டுவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை. இதற்கு என்ன கலோரிக் கணக்கு?

மரிட்ஸ்பர்க்_அக்கா | ஜனவரி 23

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் கால்குலேட்டர்.

அம்மாவிடம் "கொடுக்காதீர்கள்" என்று சொல்லக் கூடாது தம்பி. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுப்பதுதான் அன்பு, அதைப் பிடுங்கினால் நாய் இளைக்கும், வீடு உடையும். என் மாமியாரிடம் இரண்டு வருடம் வாதாடி நான் தோற்றேன். பிறகு வாதத்தை விட்டுவிட்டு நாயின் பொறுப்பையே அவரிடம் கொடுத்தேன். காலையில் நாளின் மொத்த அளவையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுப்பேன். அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் அவர் கொடுக்கலாம். டப்பா தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நாய்க்கு அவர் கொடுப்பது ரொட்டியா பெல்லட்டா என்பதைவிட அவர் கை வருவதுதான் பெரிது. மாமியாருக்கும் அப்படித்தான்.

ரொட்டி தட்டும்போது ஓரமாக ஒரு கேரட்டை நறுக்கி வைக்கச் சொல்லுங்கள். 100 கிராம் கேரட்டில் 40 கலோரி சொச்சம்தான். பச்சை பீன்ஸ் அதைவிடக் குறைவு. உப்பு, தாளிப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் படக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கறிக் குழம்பு ஊற்றிய சோறு அதனால்தான் இரட்டை ஆபத்து.

லெனேசியா_வாசி | ஜனவரி 24

தோட்டக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறீர்களா? எங்கள் வீட்டில் வருபவரிடம் நாய்க்குக் கால் வலி, டாக்டர் சாப்பாடு என்று சொல்லி, அவர் பங்குக்கு ஒரு கிண்ணம் பீன்ஸை வைத்தோம். கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை, கொடுக்கும் பொருள்தான் மாறியது.

உம்லாங்கா_நடையாளி | ஜனவரி 26

நடையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடற்கரை நடைபாதையில் தினமும் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை மாலை நடை வேண்டாம். நாய்க்குப் பாதத்தைத் தவிர வியர்வை இல்லை, மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணிக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. கொழுப்புப் போர்த்திய நாய்க்கு இன்னும் மோசம். சிம்பா பாதி வழியில் உட்காருவது சோம்பலால் அல்ல. இந்த மாதம் சூரியன் ஐந்து மணியை ஒட்டி எழுகிறது, அப்போதே கிளம்பிவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை வையுங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. விடிகாலையில் தனியாகப் போகாமல் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

அரை மணி நேரத்தை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பந்து வீச வேண்டாம். திடீரென்று பாய்ந்து திரும்பும்போது அந்த முன்னங்கால் மூட்டில்தான் முழு எடையும் விழும். நீச்சல் லாப்ரடாருக்குச் சொர்க்கம். ஆனால் ஆற்று முகத்துவாரத்தில் இறக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் உடைந்து கடற்கரைகளையே மூடினார்கள், நினைவிருக்கும். நாய்களுக்கான நீர்ப்பயிற்சிக் குளம் கிடைத்தால் போங்கள்.

புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி பாருங்கள்: காது மடிப்பு, விரல் இடுக்கு, வாலடி. நம் ஊரில் கோடையில் உண்ணி கடித்து வரும் பிலியரி என்ற ரத்த நோய்தான் எமன். சாப்பாட்டை நாய் திடீரென்று ஒதுக்கினால் "டயட்டுக்குப் பழகிவிட்டான்" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். லாப்ரடார் கிண்ணத்தை விட்டு நகர்ந்தால் அது செய்தி. ஈறு வெளுத்திருக்கிறதா, சிறுநீர் கறுத்திருக்கிறதா என்று பார்த்து அன்றே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஊசிக்காரி | ஜனவரி 26

கடைசிப் பத்தியை எல்லோரும் இன்னொரு தடவை படியுங்கள்.

சாட்ஸ்வர்த்_மகன் | மார்ச் 30

நிலவரம் சொல்கிறேன். டப்பா வேலை செய்கிறது. அம்மாவிடம் தராசையும் கொடுத்தோம். இப்போது அவர் என்னைக் கண்காணிக்கிறார். பில்டாங் பாக்கெட்டை எடுத்தால் சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

மார்ச் தொடக்கத்தில் 40.2 வந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை. அளவு அதே 280 கிராம். இரவில் ஊளையிடுகிறான், பக்கத்து வீட்டில் முணுமுணுக்கிறார்கள். இன்னும் குறைக்கட்டுமா?

ஊசிக்காரி | மார்ச் 31

குறைக்கும் முன் பழைய தாளை மறுபடி ஒட்டுங்கள். எடை நிற்பது சகஜம், உடம்பு சிறுத்தால் செலவும் சிறுக்கும். ஆனால் மூன்று, நான்கு வாரம் அசையாமல் நின்றால் முதல் சந்தேகம் புதுக் கை ஒன்று சேர்ந்திருக்கிறதா என்பதுதான். அதே தராசில், அதே நேரத்தில், சாப்பிடும் முன் எடை பார்க்கிறீர்களா? எல்லாம் சரி என்றால் 10 சதவீதம் குறையுங்கள், அதற்கு மேல் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஊளைக்கு: கேட்டால் கிடைக்கும் என்று இத்தனை வருடம் பழகியவன், கிடைக்காதபோது சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பான். பத்தில் ஒரு தடவை இளகினாலும் அடுத்த மாதம் முழுக்க ஊளைதான். மூன்றாவது வேளையைப் படுக்கும் முன் கொடுங்கள்.

சாட்ஸ்வர்த்_மகன் | ஏப்ரல் 6

புதுக் கை கிடைத்துவிட்டது. முணுமுணுத்த அதே பக்கத்து வீடு! ஊளையை நிறுத்த மதிலுக்கு மேலாக வியன்னா சாசேஜ் போட்டிருக்கிறார்கள். அவன் ஊளையிட்டது பசிக்கு அல்ல, அவர்களைக் கூப்பிட.

லெனேசியா_வாசி | ஏப்ரல் 6

அந்த நாய்க்கு அந்த மரபணு மட்டும் அல்ல, எம்பிஏ பட்டமும் இருக்கிறது.

பீனிக்ஸ்_தாத்தா | ஏப்ரல் 7

பக்கத்து வீட்டாரிடம் சண்டை போடாதே தம்பி. நாய் பத்து வருடம், அக்கம்பக்கம் ஆயுசுக்கும்.

சாண்ட்டன்_ஐடி | ஜூன் 15

இழையைத் தொடர்ந்து படித்து நானும் தொடங்கினேன். இங்கே ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலமான ஹைவெல்டில் நிலைமை வேறு: கோடையில் பிற்பகல் இடிமழை, குளிர்காலத்தில் விடிகாலை புல்லெல்லாம் உறைபனி. அதனால் ஜூனில் பத்து மணிக்கு மேல் எமரென்ஷியா அணைப் பக்கம் கூட்டிப்போகிறேன். அங்கே இன்னொரு தொல்லை, மற்ற நாய்க்காரர்கள் பையிலிருந்து எடுத்து நீட்டும் பிஸ்கட். கழுத்துப்பட்டையில் "எனக்கு உணவு ஒவ்வாமை" என்று ஒரு அட்டை மாட்டிவிட்டேன். பொய்தான். வேலை செய்கிறது.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். அலுவலகத்தில் மக்கடேமியா பாக்கெட் கொடுத்தார்கள். நாய்க்கு அது பருப்புதானே, நல்ல கொழுப்புதானே?

ஊசிக்காரி | ஜூன் 15

கூடவே கூடாது! மக்கடேமியா நாய்க்கு நஞ்சு. தின்ற அரை நாளுக்குள் பின்னங்கால் தளர்ந்து, நடுக்கம், வாந்தி, காய்ச்சல் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடும், ஆனாலும் டாக்டரைக் கூப்பிடாமல் இருக்காதீர்கள். மக்கடேமியா நம் நாட்டில் ஏராளமாக விளைகிறது, மரத்தடியில் பொறுக்கித் தின்று வரும் நாய்களை நாங்கள் பார்க்கிறோம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லாப் பண்டங்கள் இவையும் நஞ்சுதான். கடலை வெண்ணெய் கொடுப்பவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கொடுங்கள்.

சாட்ஸ்வர்த்_மகன் | செப்டம்பர் 12

33.6. விலா கைக்குத் தட்டுப்படுகிறது, மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிகிறது. எக்ஸ்ரேயில் முழங்கை மூட்டுத் தேய்மானம் தெரிந்தது, அது போகாது. ஆனால் வலி மாத்திரையைத் தினமும் கொடுத்தது போய், குளிரான நாட்களில் மட்டும் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர்காலத்தில் காலையும் மாலையுமாக முக்கால் மணி நேரம் உட்காராமல் நடந்தான்.

இரண்டு கேள்விகள். 32 வந்தபிறகு பழைய பெல்லட்டுக்குத் திரும்பலாமா? அடுத்த வாரம் புரட்டாசி பிறக்கிறது, வீட்டில் ஒரு மாதம் கறி மீன் கிடையாது. சிம்பாவுக்கும் பருப்பு சாதம் கொடுத்தால் எடையும் குறையும், விரதமும் காக்கலாம் என்கிறார் அம்மா.

மரிட்ஸ்பர்க்_அக்கா | செப்டம்பர் 12

வேகவைத்த அரிசி ஒரு கப்பே 200 கலோரி, அம்மாவிடம் சொல்லுங்கள். இப்போது அவருக்குத்தான் இந்தக் கணக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியுமே! எங்கள் வீட்டில் புரட்டாசிக்கு நாய்களின் கிண்ணமும் பெல்லட் டின்னும் வராண்டாவுக்குப் போய்விடும், அளக்கும் கரண்டியும் தனி. பூஜை அறைப் பக்கம் வாடை வராது. விரதம் நமக்கு, அதற்கு எதற்கு?

வேலியோர_விவசாயி | செப்டம்பர் 12

முதல் தடவையாக அக்கா சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

ஊசிக்காரி | செப்டம்பர் 13

வாழ்த்துகள், இது சாதாரண வேலை இல்லை.

32 வந்ததும் அளவை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். இளைத்த நாய்க்கு, எப்போதும் அந்த எடையிலேயே இருந்த நாயைவிடக் குறைவாகத்தான் தேவைப்படும். இப்போதைய அளவில் 10 சதவீதம் கூட்டி, இரண்டு வாரம் கழித்து நிறுத்துப் பாருங்கள். இன்னும் இறங்கினால் மறுபடி 10. எடை நிலைத்த இடம்தான் அவன் அளவு. எடை குறைப்பு பெல்லட்டிலேயே தொடர்ந்தால் மறுபடி ஏறும் வாய்ப்பு குறைவு. செலவு தாங்காவிட்டால் மெல்ல மாற்றலாம், ஆனால் தராசு அம்மா கையிலேயே இருக்கட்டும்.

புரட்டாசிக்குப் பிறகு தீபாவளி வருகிறது. பலகாரத் தட்டுகளைத் தாழ்வான மேசையில் வைக்காதீர்கள், உலர்திராட்சை போட்ட பாயசம் ஒரு வாய்கூட வேண்டாம். இன்னொன்று முக்கியம்: 43 கிலோவில் வாங்கிய கழுத்துப்பட்டை இப்போது தளர்ந்திருக்கும். வெடிச் சத்தத்தில் நாய் பின்னால் இழுத்தால் தலை அப்படியே உருவி வந்துவிடும். எங்கள் கிளினிக்கில் தீபாவளிக்கு மறுநாள் காணாமல்போன நாய்களைத் தேடித்தான் அதிக அழைப்புகள். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் நுழைகிற மாதிரி இன்றே ஓட்டை போட்டு இறுக்கிவிடுங்கள். மைக்ரோசிப்பில் உங்கள் இப்போதைய போன் எண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த்_மகன் | செப்டம்பர் 13

நான்கு விரல் நுழைகிறது. சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு போகிறேன்.